யாரும் சேர்த்துவிடாத சங்கம்

புனே ரயில் நிலையத்தில் இறங்கியதும் என் மகள் தாரணி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கோயம்புத்தூரில் வளர்ந்த பெண் பிளாட்பாரத்தில் வைத்து அம்மாவைக் கட்டிக்கொள்ள மாட்டாள். எதற்கு இத்தனை பை என்றுதான் சண்டை பிடிப்பாள். இவள் பைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"சும்மா ஒரு வாரம் வந்து இரும்மா" என்று போனில் கூப்பிட்டிருந்தாள். புனேக்குக் குடிபோய் இத்தனை வருடங்களில் அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக் காலம் முழுக்க ஊரார் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, எந்தச் 'சும்மா' சும்மா இல்லை என்பது தெரியாதா?

வீட்டுக்குப் போகிற வழியில் மிசல் வாங்கிக் கொடுத்தாள். முளைகட்டிய பயற்றைக் குழம்பு வைத்து, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கவிட்டு, அதன் தலையில் ஒரு கை மிக்சரைக் கொட்டித் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள பன் ரொட்டி. குழம்பில் மிக்சரைப் போடுவது எங்கள் ஊரில் பந்தியில் பிள்ளைகள் செய்யும் சேட்டை. இங்கே பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று காசு கொடுத்துச் செய்கிறார்கள். ஆனால் ருசிக்குக் குறைவில்லை. நான் இரண்டாவது பன்னை எடுத்தபோதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

அலுவலகத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறையில் உட்காரவைக்கிறார்கள். போனை வெளியிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். 'நானாக விரும்பி விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் நல்ல சான்றிதழோடு போகலாம். கொடுக்காவிட்டால் அவர்களே நீக்குவார்கள், அந்தக் கறை அடுத்த வேலைக்கும் தொடரும். தாரணியைக் கூப்பிட்டுச் சொல்லியாகிவிட்டது. யோசித்துச் சொல்ல திங்கட்கிழமை வரை தவணை.

"எல்லாருமாச் சேர்ந்து போய்க் கேக்க வேண்டியதுதானே, கண்ணு?"

"எல்லாரும்னா யாரும்மா? யாரைக் கூப்பிட்டாங்க, யாரைக் கூப்பிடலன்னே ஒருத்தருக்கொருத்தர் தெரியாது."

எனக்கு இது புதிது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இருக்கையைத் துடைத்துவிட்டு உட்காருவதற்குள் சங்கச் செயலாளர் வந்து நின்றார். "பேரு சொல்லும்மா" என்றார். சொன்னேன். அவ்வளவுதான், உறுப்பினர் ஆகிவிட்டேன். சேர விருப்பமா என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் அப்படி ஒரு கேள்வி இருப்பதாகத் தோன்றவில்லை. எங்கள் சாதிச் சங்கத்தில் நான் பிறந்ததிலிருந்தே உறுப்பினர். அதன் பத்திரிகை இன்னும் வீடு தேடி வந்துகொண்டிருக்கிறது. தாரணி பாணேரில் ஃபிளாட் வாங்கிய அன்றே குடியிருப்புச் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிட்டாள். ஒரு மனுசி ஆற அமர யோசித்து, ஆமாம் இவர்களோடு சேருகிறேன் என்று எந்தச் சங்கத்தில் சேருகிறாள்? அந்த வாரம் வரைக்கும் நான் இதை யோசித்ததே கிடையாது.

மறுநாள் பக்கத்தில் ஔந்த் என்ற பகுதிக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவளுக்கு ஒரு மனநல ஆலோசகர். எத்தனை நாளாகப் போகிறாள் என்று கேட்டேன், கொஞ்ச நாளாக என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கல்யாணம், ஆலோசகர் இரண்டையும் பற்றி நான் கேட்கக்கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். முதலாவது பழையது, இரண்டாவது அன்று காலையில்தான் போட்டது.

வெளியே ஒரு சோபாவில் என்னை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள். தொட்டியில் மணி பிளான்ட், மெல்லிய சங்கீதம், பல் ஆஸ்பத்திரி மாதிரியே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து முகம் கழுவியவள் போல வெளியே வந்தாள். ஒப்பந்தத்தை மீறி, உள்ளே என்னதான் செய்வீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"மனசுல என்ன வருதோ அதை அப்படியே சொல்லணும். அடுக்கி வெச்சு, அழகு பண்ணிச் சொல்லக் கூடாது. அவங்க குறுக்க பேச மாட்டாங்க."

நான் பார்த்த வேலையில் எல்லாம் நேர்மாறு. டிரங்க் கால் போட வருகிறவர்கள் நேரம் ஓடிவிடுமே என்ற பயத்தில், சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் வருவார்கள். அப்படியும் கடைசி நேரத்தில் அழுது அத்தனையையும் கலைத்துவிடுவார்கள். அழுவதற்குக் காசு கொடுத்து ஒரு மணி நேரம் வாங்கலாம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த அறைக்குள் அவள் சொல்வதை என்னிடம் ஏன் சொல்வதில்லை என்றுதான் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

சும்மா இருக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. எங்கள் பழைய செயலாளருக்குப் போன் போட்டேன். சிஞ்ச்வட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் முருகேசன் என்று ஒரு தமிழர் சங்கப் பொறுப்பில் இருக்கிறார், போய்ப் பார் என்று சொல்லி நம்பரும் கொடுத்தார். அடுத்த நாள் தாரணி அலுவலகத்துக்குக் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். அவளிடம் சொல்லவில்லை.

இந்த ஊர் பஸ்ஸில் எண்களை மராத்தியில் எழுதியிருக்கிறார்கள். ஹிந்தியை எட்டிக்கூடப் பார்க்காத தலைமுறை நான். ஏதோ ஒரு வளைவைப் பார்த்து நம்பி ஏறினேன். அது சிஞ்ச்வட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நகரத்துக்குள் ஓடி, சிவாஜிநகரில் என்னை இறக்கிவிட்டது. கண்டக்டர் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். அறிவுரையா திட்டா என்று தெரியாததால் இரண்டுக்கும் பொதுவாகத் தலையாட்டி வைத்தேன்.

அங்கிருந்து லோக்கல் ரயில். பெண்கள் பெட்டியில் எதிரே ஒரு அம்மாள் மடியில் பையை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். இவர்கள் தினமும் சேர்ந்து வருகிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆளுக்கொரு ஸ்டேஷனில் இறங்கும்போது ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் ஒரு பிடி உரித்துக் கொடுத்துவிட்டு சிஞ்ச்வட்டில் இறங்கினேன்.

முருகேசனின் தாத்தா வேலூர்ப் பக்கமிருந்து கட்கி ராணுவத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவராம். பேரன் தமிழில் தொடங்குவார், ஹிந்தியில் நடப்பார், மராத்தியில் போய் நிற்பார். "இன்னாக்கா, பஸ்ஸை நம்பியா வந்தீங்க? அதுக்கு பரோசாவே கிடையாது, ரிக்‌ஷா புடிச்சிருக்கலாம்" என்று வரவேற்றார். அவர் மனைவி அவலில் வெங்காயம் போட்ட போஹா கொடுத்து, அதற்குத் தொட்டுக்கொள்ளச் சாம்பாரும் ஊற்றினாள். மராத்திக்காரர்கள் பார்த்தால் வருத்தப்படுவார்கள், எனக்கு நன்றாகவே இருந்தது.

முருகேசன் தன் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னார். நிரந்தரத் தொழிலாளிகள் சங்கத்தில் இருக்கிறார்கள். அதே இயந்திரத்தில் அதே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிகள் இல்லை. ஏன், சேரக்கூடாது என்று தடையா என்று கேட்டேன்.

"தடையெல்லாம் ஒண்ணும் கிடையாதுக்கா. இன்னிக்கே சேரலாம். நாளைக்கு கேட் பாஸ் கிடைக்குமான்றதுதான் பேச்சு."

அப்புறம் தாரணியின் கதையைச் சொன்னேன். கணினி ஆட்களுக்கும் சங்கம் இருக்கிறது, தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பேசச் சொல்கிறேன் என்றார். பாப்பா பெயர் என்ன, எந்த அலுவலகம், என்ன நம்பர் என்று கேட்டார். சொன்னேன். கேட்டதும் பெயரைச் சொல்லிப் பழகிய வாய்.

அன்று மாலையே யாரோ தாரணிக்குப் போன் செய்துவிட்டார்கள். அந்த நேரம் அவள் சக ஊழியர்கள் சிலரோடு காரில் வந்துகொண்டிருந்திருக்கிறாள். காரின் ஸ்பீக்கரில் அந்தக் குரல் சங்கம், உறுப்பினர், கூட்டம் என்று கணீரென்று பேசியிருக்கிறது. காரில் இருந்தவர்களில் யார் நம்பக்கூடியவர், யார் இல்லை என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்குள் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னைக் கேட்டியாம்மா?"

"உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு சொன்னேன்."

"அந்த ரூம்லயும் இதைத்தான் சொன்னாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்னு."

செயலாளரிடம் நான் பெயர் சொன்னது என் பெயரை. முருகேசனிடம் சொன்னது அவள் பெயரை. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் போஹா தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. மறுநாள் முருகேசனுக்குப் போன் செய்து, என் மகளை யாரும் இனிமேல் கூப்பிட வேண்டாம், தப்பு என்னுடையது என்றேன். "டென்ஷன் எடுத்துக்காதீங்கக்கா. அந்தப் பாப்பாவுக்கு எப்ப தோணுதோ அப்ப அதுவா வரட்டும்" என்றார். நல்ல மனிதர்.

இரண்டு நாட்கள் வீட்டில் அளந்துதான் பேசிக்கொண்டோம். சனிக்கிழமை சாயங்காலம் தாரணியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக் காலையில் ஆபீஸ்காரர்கள் சிலர் சிங்ககட் கோட்டைக்குப் போகிறோம், நீயும் வருகிறாயா என்று கேட்டாள். வரலாம், ஆனால் ஒரே நிபந்தனை. பேசக்கூடாது. ஒப்புக்கொண்டேன்.

புனேக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சிங்ககட் ஏறுவது கோயிலுக்குப் போவது மாதிரி. குளிரில் காது வரை துணி சுற்றிய தாத்தாக்கள் மூச்சுகூட வாங்காமல் ஏறுகிறார்கள். காதலர்கள், காலேஜ் பிள்ளைகள், முதுகில் குழந்தையைக் கட்டிய அப்பாக்கள் என்று மலையே ஊர்ந்துகொண்டிருந்தது. என் முழங்கால்களுக்காக அடிவாரத்தில் ஒரு ஜீப் பிடித்துக் கொடுத்தாள். ஜீப் நிரம்பினால்தான் கிளம்பும். எது நிரம்புவது என்பதில் டிரைவருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை. கடைசியில் ஏறியவரின் கூடை என் மடியில்தான் உட்கார்ந்தது. பாதி மலையில் ஜீப் உஸ்ஸென்று நின்றுவிட, எல்லோரும் இறங்கி நின்று, அது ஆறியதும் மறுபடி ஏறினோம். நடந்து வந்தவர்கள் எங்களுக்குக் கை ஆட்டிவிட்டு முன்னால் போய்விட்டார்கள்.

மேலே, தார்ப்பாய் கட்டிய ஒரு கடையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஒரு பந்தி ஆட்கள் இருப்பார்கள். சோள ரொட்டி, கடலைமாவைக் கூழாகக் கிண்டிய பிட்லா, கையால் உடைத்த வெங்காயம், கண்ணில் நீர் வரவைக்கும் பச்சை மிளகாய்த் தொக்கு, சின்ன மண்குடுவையில் கெட்டித் தயிர். எங்கள் ஊர்ப் பஜ்ஜி மாவைக் கரண்டியால் கிண்டி வைத்தால் பிட்லா ஆகிவிடும். இத்தனை நாள் நமக்கு அது தோன்றாமல் போனதே என்று ஆற்றாமையாக இருந்தது.

கூட்டத்தைக் கூட்டியவள் ஸ்நேஹல், தாரணியின் பக்கத்து மேஜைக்காரி, இந்த ஊர்ப் பெண். அவள்தான் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். ஆபீஸ் கேன்டீனில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் யாராவது பார்ப்பார்கள். போனில் குழு வைத்தால் யாராவது படமெடுத்து அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை சிங்ககட் ஏறுகிறவனை மட்டும் இந்த ஊரில் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. ஒரு முறை பாதி வழியில் அவர்களுடைய மேனேஜரே எதிரில் வந்துவிட்டாராம். உடம்பை இப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பாராட்டி, எல்லோருக்கும் எலுமிச்சை சர்பத் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

அவர்கள் கூட்டத்துக்குத் தலைவர் இல்லை. பெயரும் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. மனதில் வந்ததைச் சொல்லலாம், சொல்ல விருப்பமில்லை என்றால் ரொட்டியைத் தின்றுகொண்டு இருக்கலாம். இந்த ஏற்பாடு தாரணியின் யோசனை என்றாள் ஸ்நேஹல். எல்லாரும்னா யாரும்மா என்று முதல் நாள் என்னிடம் மறைத்தவள்தான். ஔந்த்தில் மூடிய கதவுக்குள் நடந்ததை என் மகள் மலை உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

பிரஷாந்த் என்ற ஒருவர் முதலில் ஆங்கிலத்தில் பேசினார். வெள்ளிக்கிழமை அறைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் சொன்னார். சொல்லி முடித்து, இனிமேல் நான் வரலாமா என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். எங்கள் சங்கத்தில் இப்படிப்பட்டவருக்குக் கருங்காலி என்று பெயர். அவரோடு டீ குடிக்கக்கூட ஆள் இருக்காது. யார் வாயைத் திறந்து முதலில் அடிக்கப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்நேஹல் அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்து, "மலை என்ன ஆபீஸுக்குச் சொந்தமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

இன்னொருவர், சேதி மேலே போகிறது என்றார். டெஸ்டிங் பிரிவில் ரூபாலி என்று ஒரு பெண்ணாம், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. யாரோடும் ஒட்டமாட்டாள், அடிக்கடி மேனேஜர் அறையில் தெரிகிறாள். காரில் நடந்த பேச்சை அவள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அந்தக் காரில் அவளும் இருந்தாளாம். அந்தப் போன் வந்ததே என்னால்தான். அப்படியும் அந்தப் பெண்ணின் முகம்கூடத் தெரியாமல் அவளைக் கருங்காலி வரிசையில் நான் அப்போதே நிறுத்திவிட்டேன்.

தாரணியின் முறை வந்தது. ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். நடுவில் ஹிந்திக்குப் போனாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு தமிழில் பேசினாள். அவளைத் தவிர அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"எனக்கு இந்த வேலை பிடிக்கல. பிடிக்காமப் போய் ரொம்ப நாளாச்சு. விட்டுட்டு வந்தா அம்மா அதை ஓடி வந்துட்டதாத்தான் நினைக்கும்னு பயந்துக்கிட்டே உக்காந்திருக்கேன். ஆனா அவங்க கேக்கறதை எழுதித் தர மாட்டேன். நானா விரும்பிப் போறேன்னு எழுதறதுன்னா, நான் நெஜமாவே விரும்பற அன்னைக்குத்தான் எழுதுவேன்."

யாருக்கும் புரியவில்லை. யாரும் என்ன சொன்னாய் என்று கேட்கவும் இல்லை. அவள் தோளை ஒருத்தி தட்டிக்கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு அந்த அறையில் இருப்பவர்களைவிட என்னிடம்தான் அதிகப் பயம் என்பதை, ஊரெல்லாம் கேட்க ஒரு மலை மேல் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். பேசக்கூடாது என்ற நிபந்தனை இல்லாமல் இருந்திருந்தால் உடனே ஏதாவது சொல்லிக் கெடுத்திருப்பேன்.

கடைசியில் ஒன்றே ஒன்று முடிவானது. இனிமேல் யாரை அந்த அறைக்குக் கூப்பிட்டாலும் அவர் தனியாகப் போகக்கூடாது, பார்க்கிறவர்கள் எழுந்து கூடவே போகவேண்டும். யாரைக் கூப்பிட்டாலுமா, நம்மோடு மலைக்கு வராதவர்களையுமா என்று ஒருவர் கேட்டார். அது அவரவர் விருப்பம் என்றாள் ஸ்நேஹல்.

இறங்கும்போது ஜீப் வேண்டாம் என்று தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன்.

"இப்பப் பேசலாமா?"

"பேசும்மா."

"வேலைய விட்டுப்போட்டு என்ன பண்ணுவே?"

"தெரியல."

"சரி" என்றேன். அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் 'சரி'க்குப் பின்னால் வேறு எதுவும் வராது என்று உறுதியான பிறகுதான் நடந்தாள்.

திங்கட்கிழமை வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். மத்தியானத்துக்கு மேல் தாரணி போன் செய்தாள். ஆபீஸ் வாசலில் நின்று பேசுகிறாள் என்பது வண்டிச் சத்தத்தில் தெரிந்தது. அவள் எழுதிக் கொடுக்கவில்லை. அவளுடைய பேச்சை வேறொரு நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அவர்கள் மனம் மாறிவிட்டதாக நினைக்காதே, இன்னும் கூப்பிடுவார்கள் என்றாள். அப்புறம் காலையில் நடந்ததைச் சொன்னாள்.

முதலில் கூப்பிட்டது தாரணியை இல்லை. ரூபாலியை.

மனிதவளப் பிரிவு அதிகாரி கூடத்துக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அந்தப் பெண் வெளிறிப்போய் எழுந்து நின்றிருக்கிறாள். மலைக்கு வந்தவர்கள் எல்லோரும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டார்கள். ஸ்நேஹலும்தான். ரூபாலி யாரையும் எதிர்பார்க்கவில்லை. போனை வாசலில் கொடுத்துவிட்டுக் கதவைத் தள்ளப் போனாள். அப்போது தாரணி எழுந்துவிட்டாள்.

"ஏன் கண்ணு எந்திரிச்சே? அவதானே காட்டிக்கொடுத்தவ?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியலம்மா. கொடுத்திருக்கலாம். அவ தனியாப் போறதைப் பார்த்துட்டு உக்கார முடியல."

தாரணி எழுந்ததும் ஸ்நேஹல் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் பிரஷாந்த், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர், அவரும் எழுந்தார். இன்னும் சிலர். எல்லோரும் போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். ரூபாலி திரும்பிப் பார்த்து, நீங்கள் எதற்கு வருகிறீர்கள் என்பது போல விழித்தாளாம்.

அதிகாரி கதவைப் பிடித்துக்கொண்டு, "இவர்களெல்லாம் உன்னோடு வந்தவர்களா?" என்று அவளிடம் கேட்டிருக்கிறார்.

ரூபாலி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாளாம். அதுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசாதவர்கள்தான் அத்தனை பேரும்.

"ஆமாம்" என்றாளாம்.